கிளினிக் கொப்பி மண்ணுக்குள் போன பிள்ளைகள்

மண்சரிவில் லயத்தை இழந்து வந்து நிற்கும் குடும்பத்திடம் முதலில் கேட்கப்படுவது அடையாள அட்டை. அடுத்து வங்கிப் புத்தகம். பிறகு எத்தனை பேர் வேலைக்காரர்கள் என்ற கணக்கு. பிள்ளையின் கிளினிக் கொப்பி எங்கே என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. நமது சங்கம் எடுக்கும் பட்டியலிலும் அந்தக் கேள்விக்கு இதுவரை இடமிருக்கவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிக்கொள்கிறோம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைச் சிதைத்துப் போட்ட பிறகு நம் மக்கள் பாடசாலையிலும் கோவில் மண்டபத்திலும் தங்கினார்கள். பலர் அடுத்த தோட்டத்தில் சொந்தக்காரர் காம்பிராவுக்குள் ஒண்டிக்கொண்டார்கள். முகாமில் இருப்பவர்களையாவது தேடி ஆள் வரும். சொந்தக்காரர் வீட்டில் ஒரே காம்பிராவில் இரண்டு குடும்பமாக இருப்பவர்களைத் தேடி எவரும் வருவதில்லை. பழைய பிரிவு மிட்வைஃப் அம்மாவுக்கு அவர்கள் போன இடம் தெரியாது. புதிய பிரிவு மிட்வைஃப் அம்மாவுக்கு அவர்கள் வந்ததே தெரியாது. இரண்டு பேருமே வேலையில் குறை வைக்காதவர்களாக இருக்கலாம். ஆனாலும் நடுவில் ஒரு பிள்ளை தொலைந்து போகிறது.

அப்படி ஒரு தாயை நாங்கள் சந்தித்தோம். ஒன்றரை வயதுப் பையன். கொப்பி மண்ணுக்குள். கிளினிக்குக்குத் தூக்கிப் போனபோது, "உங்க பிரிவுக்குப் போங்க" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். "எனக்கு ஏதுங்க பிரிவு? லயமே இல்லையே" என்றார் அவர். அன்றைக்கு அவருக்கு ஒரு பேரும் போயிற்று.

ஊசி ஒன்று தள்ளிப் போனால் என்ன என்று நினைப்பவர்களும் நம்மிடையே உண்டு. சின்னமுத்து பற்றி அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அது காற்றில் பரவும் நோய். நோயாளி எழுந்து போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை கிருமி அந்த அறையிலேயே நிற்கும். தடுப்பு இல்லாதவர்கள் நடுவே ஒரு நோயாளி இருந்தால் பன்னிரண்டு முதல் பதினெட்டுப் பேருக்கு அது தொற்றக்கூடும். நூறு பேர் பாய் விரித்துப் படுக்கும் பாடசாலை மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். இலங்கையில் சின்னமுத்து ஒழிந்துவிட்டதாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2023இல் அது திரும்ப வந்தது. ஊசி தவறியவர்களையும் ஊசி போடும் வயது வராத குழந்தைகளையும் அது தேடிப் பிடித்தது.

இன்னொன்றும் உண்டு. முகாம் என்பது இரண்டு கிழமைச் சமாசாரம் என்று எல்லோரும் பேசுகிறார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தை லயங்கள் மண்ணுக்குள் போன பிறகு, தப்பியவர்கள் புது வீட்டுக்காக எவ்வளவு காலம் தேயிலைத் தொழிற்சாலைக்குள் காத்துக் கிடந்தார்கள் என்பது நமக்குத் தெரியும். ஒரு குழந்தைக்கு 2, 4, 6 மாதங்களில் பென்டா ஊசியும் போலியோச் சொட்டும், 9 மாதத்தில் சின்னமுத்து ஊசி, ஒரு வயதில் மூளைக்காய்ச்சல் ஊசி, ஒன்றரை வயதில் மறுபடி முக்கூட்டு ஊசி. முகாம் வாழ்க்கை நீண்டால் இத்தனையும் முகாமிலேயே வந்து போய்விடும்.

அக்காலத்தில் மண்டபம் முகாமில் நம் முன்னோரை நிறுத்திவைத்து அம்மை குத்தித்தான் கப்பலேற்றினார்கள். தோட்டத்துக்கு உழைக்கும் உடம்பு தேவைப்பட்டது, அதனால் அந்தக் கவனம். இன்று உரிமையாகக் கேட்க வேண்டியதைக் கேட்பதற்கு நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்?

முகாமுக்கே கிளினிக் வர வேண்டும். எந்தப் பிரிவு, எந்தத் தோட்டம் என்று கேட்காமல் எதிரில் நிற்கும் பிள்ளைக்கு ஊசி போட வேண்டும். கிளினிக் நாளில் தாய்மாருக்குப் பேர் வெட்டக் கூடாது. கொழுந்து ஏற்ற லொறி கிடைக்கும் தோட்டத்தில் பிள்ளைகளை ஏற்ற ஒரு வாகனம் கிடைக்காது என்பதை நாங்கள் ஏற்கமாட்டோம்.

தாய்மாருக்கு ஒரு விஷயம். கொப்பி தொலைந்ததற்காகப் பயந்து வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். பிள்ளைக்குப் போட்ட ஊசி மிட்வைஃப் அம்மாவின் பதிவேட்டிலும் கிளினிக் பதிவேட்டிலும் இருக்கும்; அதைப் பார்த்துப் புதுக் கொப்பி எழுதலாம். பிறந்தவுடன் போட்ட பீ.சீ.ஜீ. ஊசியின் தழும்பு இடது கையில் தெரியும். நாள் தவறினால் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பதிவு எங்குமே கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதை சுகாதார வைத்திய அதிகாரி தீர்மானிப்பார். இதற்கெல்லாம் ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை.

தோட்டத் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் தங்கள் தோட்டத்தில் வந்து தங்கியிருக்கும் குடும்பங்களின் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பெயர், பிறந்த திகதி, முன்பிருந்த தோட்டம் ஆகிய விபரங்களுடன் எழுதி, ஒரு பிரதியை மிட்வைஃப் அம்மாவிடமும் இன்னொன்றை நமது மாவட்டக் காரியாலயத்திலும் கொடுக்க வேண்டும். திருப்பி அனுப்பப்பட்ட தாய்மார் இருந்தால் எந்த நாள், எந்த கிளினிக் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதை எடுத்துக்கொண்டு நாங்களே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போகிறோம்.