நாகரிகர் யார்?

நாகர் என்றாலே தலைவேட்டைக்காரர், காட்டுமிராண்டிகள் என்று நம்மவரிற் பலர் சொல்லிக்கொள்கின்றனர். அஸ்ஸாமுக்குக் கிழக்கே மலைகளில் வாழும் அம்மக்களிற் பெரும்பாலோர் இன்று கிறிஸ்தவர். பண்டைச் சடங்குகள் பல ஒழிந்துபோயின. ஆயினும் அவர்தம் முன்னோர் இறந்தாரைப் பேணிய விதத்தைப் பினாங்குத் தமிழர் சற்றுச் செவிகொடுத்துக் கேட்டல் வேண்டும்.

அங்காமி நாகர் ஊர்ப்பாதையின் ஓரத்திலேயே பிணத்தைப் புதைத்து, மேலே கல்லடுக்கி மேடை கட்டினர். போவார் வருவார் அதன்மீது அமர்ந்து இளைப்பாறினர். கொன்யாக் நாகரோ பிணத்தைப் பரண்மேற் கிடத்தி, பின்னர்த் தலையோட்டை எடுத்துத் தனியே வைத்துப் பேணினர். பரணும் தலையோடும் நமக்கு வேண்டா. செத்தவன் இன்ன இடத்தில் இருக்கிறான் என்பதை அவ்வூரார் அறிந்திருந்தனரே, அதைத்தான் சொல்லுகிறோம்.

"நாம் பிணத்தைச் சுடுகிறவர்கள், நமக்குக் கல் எதற்கு?" என்று வைதிக நண்பர் கேட்பார். அவருக்கு விடை அந்த நாகநாட்டிலேயே இருக்கிறது. 1944ஆம் ஆண்டில் கோகிமாவில் ஜப்பானியரோடு பெரும்போர் நடந்தது. போரில் மடிந்த பிரிட்டிஷ் இரண்டாம் டிவிஷன் வீரர்க்கான நினைவுக்கல்லை நாகர் தங்கள் முறைப்படியே இழுத்துக்கொணர்ந்து நிறுத்தினர். அங்குள்ள மயானத்தில் 1,420 கல்லறைகள் உள்ளன. எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர் 917 பேர்க்கும் அங்கேயே தனி நினைவுச்சின்னம் உண்டு. சாம்பலானவனுக்கும் பெயர் உண்டு என்பதை அந்நியன் அறிந்தான், நாம் அறியோம்!

கல் நடுதல் நமக்குப் புதியதா? இறந்த வீரனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியம் துறை துறையாக வகுத்தது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டில் கண்டெடுத்த நடுகல் ஒன்றில், ஆநிரைப் பூசலில் இறந்த தீயன் அந்தவன் என்பவன் பெயர் பழந்தமிழ் எழுத்தில் இருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய மாட்டுச் சண்டைக்காரன் பெயர் நமக்குத் தெரிகிறது. சயாமில் ரயில் பாதை போடப்போன நம் பாட்டன் பெயர் தெரியவில்லை.

அந்த 415 கிலோமீட்டர் பாதை 1942, 1943ஆம் ஆண்டுகளில் போடப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் கொண்டுபோன தமிழர் காலராவிலும் பசியிலும் மடிந்தனர். போர்க்கைதிகள் சுமார் 12,000 பேர் மாண்டனர். ஆசியத் தொழிலாளரோ 90,000 பேர் வரை மாண்டனர் என்பர். ஒன்று எண்ணி எழுதிய கணக்கு, மற்றது ஊகம். காஞ்சனபுரிப் போர் மயானத்தில் 6,982 கல்லறைகளைக் காணலாம். தமிழ்த் தொழிலாளருக்கென அவ்வூரில் ஒரு நடுகல் நாட்டப்பட்டது 2023ஆம் ஆண்டில். எண்பது ஆண்டுகள், தோழர்காள்!

இங்கே என்ன செய்கிறோம்? தீவைக் கைக்கொண்ட பிரான்சிஸ் லைட் 1794இல் இறந்தார். நார்த்தம் ரோட்டுக் கல்லறையை இன்றும் காட்டுகிறார்கள். சீனர் ஆண்டுதோறும் செங்பெங் காலத்தில் பத்து காந்தோங் மேட்டுக்குக் குடும்பத்தோடு சென்று முன்னோர் சமாதியைத் துப்புரவு செய்கிறார்கள். நம்மவரோ பாடைக்குப் பூவென்றும், மேளமென்றும், பதினாறாம் நாள் விருந்தென்றும் கடன்பட்டுச் செலவழித்துவிட்டு, மறு வருஷம் புதைத்த இடத்தைக் கேட்டால் கைவிரிக்கின்றனர். புரோகிதர் கேட்கும் மூன்று தலைமுறைப் பெயரைக்கூடத் திக்கித்திணறிச் சொல்லுகிறவர் எத்தனை பேர்! அந்த விருந்தை உண்டது செத்தவனா? (நாகரிகம் என்னும் சொல் நகரத்தின் அடியாகப் பிறந்ததாம். நகரத்தில் இருக்கிறோம், அவ்வளவுதான்.)

கடலுக்கு அக்கரையில் செபராங் பிறையிலே சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலிருந்தே கரும்பு வெட்டியும், பின்னர் ரப்பர் சீவியும் மாண்டவர்க்கு மரச்சிலுவையும் இல்லை, கல்லும் இல்லை. தோட்டம் கைமாறி வீட்டுமனையாகும்போது மயானமும் மண்ணோடு மண்ணாகிறது. தடுத்துக் கேட்பதற்கு நம் கையில் என்ன இருக்கிறது? யார் அங்கே கிடக்கிறார் என்று எழுதிய ஒரு நோட்டுப் புத்தகமாவது உண்டா?

ஆகவே, கோயிற் கமிட்டியாரையும் சங்கத்தாரையும் கேட்டுக்கொள்கிறோம். தோட்டந்தோறும் மாண்டவரின் பெயர், பிறந்த ஊர், தொழில், இறந்த ஆண்டு ஆகியவற்றை ஒரு புத்தகத்தில் எழுதுங்கள். மயான வாயிலில் ஒரே கல்லில் அத்தனை பெயரையும் சாதி சேர்க்காமல் வெட்டுங்கள். பணம் இல்லை என்னாதீர்கள், பதினாறாம் நாள் விருந்தில் பாதியைக் குறையுங்கள். கல்வெட்டும் வேலை அடுத்த வருஷம் ஆனாலும் ஆகட்டும். பெயர்களை மட்டும் இந்த மாதமே கேட்டு எழுதிவிடுங்கள். சொல்லத் தெரிந்த பாட்டிமார் இன்னும் சிலரே இருக்கின்றனர்.