பற்று வேறு, வெறி வேறு!

தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு மண் பாசம் அதிகம். அதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

ஜனவரி 15–ந் தேதி லோயர் கேம்ப் பக்கம் போய்ப் பாருங்கள். பொங்கல் வைத்து, மாலை போட்டுக் கும்பிடுகிறார்கள். யாருக்கு? பென்னிகுயிக் என்ற வெள்ளைக்கார என்ஜினீயருக்கு!

1895–ல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்தவர் அவர். மேற்கே ஓடிக் கடலில் கலந்த தண்ணீர், மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயல் அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கிறது.

லோயர் கேம்பில் 2013–ல் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. தேனி பஸ் நிலையத்துக்கும் அவர் பெயர்தான். பெற்ற பிள்ளைக்கு அவர் பெயரை வைத்தவர்களும் உண்டு.

வெள்ளைக்காரனை விரட்டிய நாட்டில், வெள்ளைக்காரருக்குப் பொங்கலா? இதில் தப்பே இல்லை. மண்ணை நேசிக்கிறவன், மண்ணுக்கு நல்லது செய்தவரின் நிறத்தையும் பாஷையையும் பார்க்க மாட்டான். நாட்டுப்பற்று என்பது இதுதான்.

வெறி என்பது வேறு. அதையும் இதே பள்ளத்தாக்கு பார்த்திருக்கிறது.

கல் எடுத்த டிசம்பர்!

2011 டிசம்பர். அணை உடைந்துவிடும் என்று கேரளாவில் பீதி. தண்ணீர் பறிபோய்விடும் என்று இங்கே கொதிப்பு. இரண்டு சட்டசபைகளும் ஆளுக்கொரு தீர்மானம் போட்டன. ஊர் ஊராக ஜனங்கள் குமுளியை நோக்கித் திரண்டார்கள்.

அதுவரை நியாயம். வயிற்றுப்பாட்டுக்குக் குரல் கொடுப்பது குற்றமா?

ஆனால் சிலர் கையில் கல் ஏறியது. இந்தப் பக்கம் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. மலைக்கு மேலே இடுக்கியில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் மிரட்டப்பட்டார்கள், அடிபட்டார்கள். குழந்தை குட்டிகளோடு காட்டுப் பாதையில் இறங்கி ஓடி வந்தார்கள்.

டீக்கடை சேட்டன் என்ன பாவம் செய்தார்? அணையின் நீர்மட்டத்தை அவரா குறைத்தார்? அவர் டீ போடுவதும் அதே முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில்தான்!

நஷ்டம் யாருக்கு?

விடிகாலையில் கம்பத்திலும் போடியிலும் நின்று பாருங்கள். தூக்குச்சட்டியோடு பெண்கள் ஜீப்பில் ஏறுகிறார்கள். கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகிறார்கள். அந்த டிசம்பரில் பாதை அடைபட்டது. கூலி நின்றது, அடுப்பு அணைந்தது. மேலே தோட்டத்தில் ஏலக்காய் பறிக்க ஆள் இல்லை. இங்கிருந்து போக வேண்டிய காய்கறி லாரியும் போகவில்லை. ஐயப்ப பக்தர்கள் ஊரைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

கடைசியில் 142 அடி எப்படி வந்தது? கல்லால் வரவில்லை. 2014 மே 7–ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் 5 நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அந்த நவம்பரிலேயே தண்ணீர் 142 அடியைத் தொட்டது. ஜெயித்தது ஆதாரமும் வாதமும்.

கணக்கு ரொம்ப சுலபம். "நம்ம ஊர் நல்லா இருக்கணும்" என்றால் பற்று. "பக்கத்து ஊர்க்காரன் ஒழியணும்" என்றால் வெறி. ஊருக்கு உள்ள இதே கணக்குதான் நாட்டுக்கும். சுதந்திரப் போராட்டத்தில் தேசியம் என்ற சொல் மதிப்போடு இருந்தது. அன்னிய ஆட்சி போகட்டும் என்றார் காந்தி. ஆங்கிலேயரை வெறுக்கச் சொல்லவில்லை. ஜெர்மனியில் ஹிட்லரும் தேசியம்தான் பேசினான். அது அண்டை வீட்டு யூதரைக் கொல்வதில் போய் முடிந்தது.

பற்றுக்கு எதிரி தேவையில்லை. வெறிக்கு எதிரி இல்லாமல் ஒரு நாள் கூட ஓடாது!

புதிய அணை என்ற பேச்சை கேரளா இன்னும் விடவில்லை. மழைக்காலம் வந்தால் செல்போனில் வதந்தியும் கூடவே வரும். தண்ணீர் உரிமையில் ஒரு அடி கூட விட்டுக் கொடுக்க வேண்டாம். கேட்க வேண்டிய இடத்தில் உரக்கவே கேட்கலாம்.

ஆனால் கல்லை எடுக்குமுன், காலையில் ஜீப் ஏறிப் போனவர்களை நினைத்துப் பாருங்கள். இங்கே சேட்டன் கடையில் எறிகிற கல், மலை ஏறிப் போய் நம்ம வீட்டுப் பெண்கள் மேல்தான் விழும்!