வழித்திட்டமும் வண்டியோட்டியும்

சங்கத்து வேன் ஒன்று வகுத்த வழியில் சென்றதா என்று அறிய லாக் புத்தகம் போதாது. ஓடிய கிலோமீட்டரும் செலவான டீசலும் சரியாக இருந்தும், ஊர்களின் வரிசை மாறியிருக்கலாம். அங்கத்தினர்களுக்கு நஷ்டம் விளைவது பெரும்பாலும் அவ்வரிசையில்தான்.

இதனை அளக்கும் முறை உண்டு. அமெரிக்காவில் அமேசான் நிறுவனமும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் சேர்ந்து 2021-ஆம் ஆண்டில் ஒரு போட்டி நடத்தின. ஐந்து பெருநகரப் பகுதிகளில் ஓட்டுநர்கள் 2018-இல் மெய்யாகவே சென்ற 9,184 பயணங்களின் விவரம் அதற்கென வெளியிடப்பட்டது. குறுகிய வழியைக் கண்டவருக்கன்று, அனுபவமுள்ள ஓட்டுநர் செல்லும் வரிசையை நெருங்கிக் கணித்தவருக்கே பரிசு. வென்ற மூவரும், ஒரு பகுதியை முடித்தபின்பே அடுத்த பகுதிக்குச் செல்லும் ஓட்டுநர்களின் வழக்கத்தைக் கண்டறிந்து, அதையே தம் கணக்குக்கு விதியாக்கினர். படித்தவர்கள் வண்டியோட்டியிடம் பாடங்கேட்டார்கள் என்றே நாம் இதைக் கொள்கிறோம்.

அங்கே கையாண்ட அளவுகளுள் ஒன்று நமக்கும் எட்டக்கூடியது. திட்டத்தில் அடுத்தடுத்துள்ள இரண்டு ஊர்கள், நடப்பில் எத்தனை இடம் விலகின என்று எண்ணிக் கூட்ட வேண்டும். ஐந்து ஊர்களில் மூன்றாவதும் நான்காவதும் இடம் மாறினால் விலகல் 2. ஆனால் ஐந்தாம் ஊரில் தொடங்கி முதல் ஊரில் முடித்தாலோ விலகல் பூஜ்யம். அண்டையூர்கள் அண்டையிலேயே இருக்கின்றன அல்லவா! நூல் வேனுக்கு இக்கணக்குப் பொருந்தும். பாவும் ஊடையும் அன்றைக்குள் தறிக்கு வந்தால் போதும். பால் வண்டிக்குப் பொருந்தாது. முதல் ஊரில் காலையில் ஊற்றிய பால், குளிர்நிலையம் சேருமுன் கேனிலேயே புளித்துவிடும். ஆகவே பாலுக்கு வரிசையோடு ஒவ்வோர் ஊரிலும் வண்டி வந்த மணியும் வேண்டும். ஜி.பி.எஸ். கருவியில்லாத வண்டியானால், அந்தந்த ஊர்ச் சங்கத்தார் சீட்டில் மணியைக் குறித்துக் கையொப்பமிடலாம். அதற்குச் செலவில்லை.

விலகல் தெரிந்தவுடன் ஓட்டுநருக்கு அபராதம் விதிக்கும் நிர்வாகிகளை நாம் ஆதரிக்கவில்லை. ஒருநாள் விலகினால் விளக்கம் கேட்கலாம். செவ்வாய்தோறும் ஒரே இடத்தில் விலகுகிறாரென்றால், அங்கே சந்தை கூடுகிறதா என்றன்றோ முதலில் விசாரிக்க வேண்டும்? சந்தை கூடுவது மெய்யானால் பிழை திட்டத்துடையது, அதைத் திருத்துக. மாதந்தோறும் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் திட்ட வரிசையையும் சென்ற வரிசையையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும். அன்று ஓட்டுநரையும் அழைத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்கட்டும்.