முளைப் பயறும் வர்ண விளக்கும்

முளைகட்டிய பயற்றை நீல ஒளியிலும் சிவப்பு ஒளியிலும் வைத்து வளர்த்தால் அதன் சத்துக்கள் பெருகுமென்று இக்காலத்தில் பலரும் கூறுகின்றனர். இதில் உண்மை எவ்வளவு, நாகூர் வட்டாரத்துக் குடியானவர்களுக்குப் பிரயோஜனம் எவ்வளவு என்பதைச் சீர்தூக்கிப் பார்ப்பது அவசியமாகும்.

உலர்ந்த பயற்றில் ‘ஸி’ வைட்டமின் அநேகமாக இல்லை. பயறு நீரில் ஊறி முளை கிளம்பும்போது அது விதைக்குள்ளேயே உண்டாகிறது. இன்றைய ஹரியானாவைச் சேர்ந்த ஹிஸார் பிரதேசத்தில் 1939-40-ல் பஞ்சம் நேர்ந்து, ஈறுகளில் இரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் பரவியபோது, முளைகட்டிய கடலையைக் கொடுத்து அதைத் தணித்தனர். அங்கே வர்ண விளக்கு ஏதுமில்லை.

எனினும் ஒளிக்கும் வேலையுண்டு. இருளில் வளரும் முளை வெளிறி நீண்டுவிடும்; வெளிச்சம் பட்ட பின்னரே இலைப்பச்சையும் கரோட்டின் இனச் சத்துக்களும் நன்கு அமைகின்றன. சிவப்பு ஒளியை உணரும் நிறமி ஒன்று செடிகளில் இருப்பதை அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தார் 1959-ல் கண்டறிந்தனர். நீல ஒளியை உணரும் நிறமிகள் வேறு. நீல ஒளியால் பலவகை முளைகளில் பினால் இனப் பொருள்கள் அதிகப்படுவதாகச் சோதனைகள் காட்டுகின்றன. ஆயினும் பயிருக்கும், ஒளியின் அளவுக்கும், நேரத்துக்கும் தக்கபடி பலன் மாறுகிறது.

சூரிய வெளிச்சத்தில் இவ்விரு நிறங்களும் அடங்கியுள்ளன. ஆகையால் வீட்டுத் தேவைக்கு விளக்கு வாங்குவது வீண் செலவென்பதே எமது அபிப்பிராயம். துணியில் கட்டிய பயறு முளைத்ததும், திண்ணையில் நேர்வெயில் படாத இடத்தில், ஈரம் உலராமல் ஒருநாள் பரப்பி வைத்தால் போதும். அடைத்த அறையில் தட்டுத்தட்டாக வளர்த்து நாகப்பட்டினம், காரைக்கால் கடைகளுக்கு விற்போருக்கே விளக்கு உதவக்கூடும். அவர்களும் பச்சை நிறத்தைக் கண்டு மதிப்பிடாமல், சத்தைப் பரிசோதனைச் சாலையில் அளந்தறிந்த பின்னரே பணம் போடுவது நன்று.

நமது உண்மையான குறை வேறு. சம்பா, தாளடி அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாட்களுக்கு முன் நெற்பயிரிடையே தெளிக்கும் உளுந்தும் பச்சைப்பயறும், எஞ்சிய ஈரத்திலும் பனியிலும் விளைந்து, பெரும்பாலும் களத்திலிருந்தே மூட்டையாக வியாபாரியிடம் போய்விடுகின்றன. விளைவித்த வீட்டுக் குழந்தைகளுக்கோ தீட்டிய அரிசிச் சோறே பிரதான ஆகாரம். விளக்கு இல்லாததனாலன்று, பயறு வீட்டில் தங்காததனாலேயே சத்துக் குறைகிறது.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. மருந்திட்ட விதைப்பயற்றை உண்பதற்காக ஒருபோதும் முளைகட்டலாகாது. மேலும், முளைக்கு உகந்த ஈரமும் வெப்பமும் கிருமிகளுக்கும் உகந்தவை. 2011-ல் ஜெர்மனியில் வெந்தய முளையால் பரவிய நோயில் சுமார் 50 பேர் மாண்டனர். ஆகவே நல்ல நீரில் அடிக்கடி அலசி, குழந்தைகளுக்கு ஆவியில் வேகவைத்தே கொடுக்க வேண்டும். ‘ஸி’ வைட்டமினில் ஒரு பகுதி குறைந்தாலும் அதுவே பத்திரமான வழி.

மிராசுதார்கள் இவ்வருஷ மகசூலில் இரண்டொரு மரக்கால் பயற்றை மருந்து கலவாமல் வீட்டுக்கென்று ஒதுக்கி வைப்பார்களாக. கிராம அதிகாரிகள் பள்ளிச் சத்துணவுக் கூடங்களிலும் இம்முறையை எடுத்துக் கூறுவார்களாயின், நமது வயலின் பயறு நமது குழந்தைகளுக்கும் பயன்படும்.