நிலக்கரி போனாலும் வெல்டிங் வேலை போகாது

கிள்ளான், காப்பார் கடலோரத்தில் 1980-களிலிருந்து இயங்கிவரும் சுல்தான் சலாஹுடின் அப்துல் அஜிஸ் மின் நிலையம் போன்றவற்றின் நாட்கள் எண்ணப்படுகின்றன. நிலக்கரி மின் நிலையங்களை 2035-க்குள் பாதியாகக் குறைத்து, 2044-க்குள் முழுமையாக மூடும் திட்டத்தை 2024-இல் அப்போதைய பொருளாதார அமைச்சர் ரஃபிஸி ரம்லி அறிவித்தார். அப்படியானால், எஸ்.பி.எம். முடித்த பிள்ளையை வெல்டிங் படிக்க அனுப்பலாமா?

பதில் கொதிகலனுக்குள் இருக்கிறது. அங்கே நீராவியின் சூடு 540 டிகிரி செல்சியஸை எட்டும். அதிகச் சூடு படும் குழாய்களுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். மற்ற இடங்களில் விலை குறைந்த குரோமியம்-மோலிப்டினம் எஃகு. இரண்டும் சேரும் மூட்டுதான் பலவீனமான இடம்.

அந்தச் சூட்டில் ஒரு மீட்டர் குரோமியம் எஃகுக் குழாய் சுமார் 7 மில்லிமீட்டர் நீளும். ஸ்டெயின்லெஸ் 9 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். இயந்திரத்தை நிறுத்தி ஓட்டும் ஒவ்வொரு முறையும் மூட்டு இழுபடுகிறது. கூடவே, குரோமியம் குறைந்த பக்கத்திலிருந்து கார்பன் மெல்ல நகர்ந்துவிடுகிறது. வலுவிழந்த அந்தப் பக்கம் பல ஆண்டுகள் கழித்து விரிசல் விடும்.

இதைத் தள்ளிப்போடவே, இரண்டுக்கும் இடைப்பட்ட அளவில் விரியும் நிக்கல் கலப்புக் கம்பியால் பற்றவைக்கிறார்கள். 'பி91' போன்ற எஃகு என்றால் முன்கூட்டியே சுமார் 200 டிகிரிக்குச் சூடேற்ற வேண்டும். வேலை முடிந்ததும் ஏறக்குறைய 760 டிகிரியில் பதப்படுத்த வேண்டும். அதைத் தவறவிட்டால், பார்வைக்கு அழகாக இருக்கும் மூட்டும் உள்ளே நொறுங்கும் தன்மையோடு நிற்கும்.

இந்த எஃகு நிலக்கரி நிலையங்களோடு முடிந்துவிடுவதில்லை. எரிவாயு நிலையங்களின் நீராவிக் குழாய்களிலும் அது இருக்கிறது. சூரிய மின்சாரம் கூடக் கூட, வெயில் நேரத்தில் அனல் நிலையங்களின் உற்பத்தியைக் குறைத்து, மாலையில் மீண்டும் ஏற்ற வேண்டியிருக்கும். அந்த ஏற்ற இறக்கம் மூட்டுகளைத்தான் தாக்கும். பழுதுபார்ப்பு கூடுமே தவிரக் குறையாது.

ஆனால், எஸ்.கே.எம். சான்றிதழ் மட்டும் இந்த வேலைக்குப் போதாது. அனைத்துலகத் தர விதிப்படி, சாதாரண எஃகுக் கம்பியில் தேறியவரும் நிக்கல் கம்பிக்குத் தனியாகத் தேர்வு எழுதாமல், செய்தே காட்டித் தேற வேண்டும். தொழிற்பயிற்சிக்குப் பிள்ளைகளைத் திரட்டும் இந்திய அமைப்புகள், எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று கணக்குக் காட்டுவதோடு நின்றுவிடக் கூடாது. இந்த அடுத்த படிக்கான பயிற்சிக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் வழி செய்ய வேண்டும். கேட் கிரில் அடிக்கும் பட்டறைக்கும் மின் நிலையச் சம்பளத்துக்கும் இடையே உள்ள தூரம் அந்த ஒரு படிதான்.