பூநாரையும் விடுதலைப் பத்திரமும்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று யாராவது தேடினீர்களா? (தேடவில்லை என்றால் பரவாயில்லை. எடிட்டரே தேடவில்லை!) நான் ஃபாரின் போயிருந்தேன் ஸார். ஃபாரின் என்றதும் ஈஃபிள் டவர், பனிமலை, கூலிங் கிளாஸ் என்று கற்பனைக் குதிரையைத் தட்டிவிடாதீர்கள். நான் போனது மன்னாருக்கு. இலங்கை மன்னார். எங்கள் தூத்துக்குடியிலிருந்து கிழக்கே கடல்மேல் ஒரு கோடு போட்டால் சுமார் 190 கிலோமீட்டர்.

கோட்டில் போக எனக்கு இறக்கை இல்லை. எனவே பஸ்ஸில் மதுரை, அங்கிருந்து விமானத்தில் கொழும்பு, அங்கிருந்து மறுபடி பஸ்ஸில் மன்னார். கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட 800 கிலோமீட்டர். 190-க்கு 800 என்று டி.ஏ. பில் போட்டால் எந்த ஆபீஸிலாவது பாஸ் ஆகுமா?

இத்தனைக்கும் ஒரு காலத்தில் கொழும்புக்கு வழி எங்கள் ஊர்தான். 1914-ல் தனுஷ்கோடி பாதை திறக்கிறவரை, மெட்ராஸிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் தூத்துக்குடியில் இறங்கித்தான் ஸ்டீமர் ஏறுவார்கள். அப்புறம் 2011-ல் 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்ற கப்பலை தூத்துக்குடி - கொழும்பு விட்டார்கள். ஜூனில் ஆரம்பித்தது, நவம்பரில் படுத்துவிட்டது. அந்த ஐந்து மாத அவகாசத்துக்குள், அக்டோபரில், கரெக்டாக அந்தக் கப்பலில் ஏறிப் போனவள் என் அக்கா.

அத்தான் மன்னார்க்காரர். 1990-ல் சண்டை முற்றியபோது அப்பா அம்மாவோடு படகேறி ராமேஸ்வரம் வந்தவர். அப்போது எட்டு வயது. மண்டபம் முகாம், அப்புறம் எங்கள் மாவட்டத்திலேயே ஒரு முகாம், காலேஜ், எங்கள் தெருவில் டியூஷன், அப்புறம் என் அக்கா... இந்த வரிசையில் முன்னேறியவர். போர் முடிந்த பிறகு ஐ.நா. அகதிகள் அமைப்பு ஊர் திரும்ப ஏற்பாடு செய்தபோது இருவரும் கிளம்பிவிட்டார்கள். துறைமுகத்தில் நின்று கையாட்டினேன். அப்போது எனக்கு 21 வயது. பி.காம். அரியர் ஒன்று பாக்கி. அக்கா போகிற துக்கத்தைவிட அதுதான் பெரிதாக இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

சரி, இப்போது எதற்குப் போனேன்? பாசமா? அதுவும்தான். ஆனால் பெட்டிக்கு அடியில், சட்டைகளுக்கு நடுவில், ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே விடுதலைப் பத்திரம்.

அப்பா 2021 மே மாதம் தவறிவிட்டார். கொரோனா. விமானம் கிடையாது. அக்கா அப்பாவைக் கடைசியாகப் பார்த்தது மொபைல் ஸ்கிரீனில். மொபைலைப் பிடித்திருந்தது நான். கை ஆடியதில் முகம் சரியாகத் தெரியவில்லை என்று பிறகு சொன்னாள்.

முத்தையாபுரத்தில் அப்பா கட்டிய வீடு ஒன்று இருக்கிறது. அவர் உப்பளத்தில் கணக்கப்பிள்ளை. மொட்டை மாடியில் நின்றால் உப்பளம் தெரியும். அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். வீட்டுக்கு நல்ல விலைக்கு ஆள் வந்திருக்கிறது. வாரிசு மூன்று பேர். அக்கா தன் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. இதை போனில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நேரில் மட்டும் வந்துவிடுமா என்ன?

மன்னாரில் முதலில் என்னை வரவேற்றவை கழுதைகள். பஸ் ஸ்டாண்ட், கடைத்தெரு எங்கே பார்த்தாலும் சொந்த ஊர் என்ற தெனாவெட்டில் நிற்கின்றன. ராத்திரி இடியப்பம், சொதி. "வந்த விஷயம் என்னன்னா..." என்று ஆரம்பித்தேன். "காலமை அஞ்சு மணிக்கு எழும்போணும் மச்சான், படுங்கோ" என்று அத்தான் லைட்டை அணைத்துவிட்டார்.

அத்தானுக்குப் பறவை பார்க்கிற பைத்தியம் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கும் அது ஒட்டிக்கொண்டது என்பதை அன்று காலைதான் தெரிந்துகொண்டேன். இருட்டோடு பிளாஸ்கில் பிளேன்டீ, ஒரு நோட்டு, இரண்டு பைனாகுலர் சகிதம் ஆட்டோவில் ஏறினோம். தீவிலிருந்து பாலம் தாண்டி வங்காலைப் பக்கம். 2008-ல் சரணாலயமாக அறிவித்து, 2010-ல் 'ராம்சார்' என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலிலும் சேர்த்த இடம். பார்க்க என்னவோ முழங்கால் அளவு உப்புத் தண்ணீரும் சேறும்தான்.

பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன். முதலில் தெரிந்தது என் இமை மயிர். அத்தான் திருகிக் கொடுத்த பிறகு தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. யாரோ வேஷ்டி காயப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த வேஷ்டி நடந்தது ஸார்! வெயில் ஏறியதும் ஒரு ஓரம் எழும்பி இறக்கையை விரித்தது பாருங்கள்... உள்ளே அத்தனையும் ரோஜாச் சிவப்பு. ஓரத்தில் கறுப்பு. எனக்கு வாயில் ஈ போனது தெரியவில்லை. (உண்மையிலேயே ஈ. அங்கே ஈ அதிகம்.)

"பூநாரை" என்றாள் அக்கா.

"சாப்பாட்டைப் பாருங்கோ" என்றார் அத்தான். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து, நாக்கைப் பம்பு மாதிரி ஆட்டி, தண்ணீரை வடிகட்டித் துப்பிவிட்டு பாசியையும் பொடி இறாலையும் மட்டும் விழுங்குகிறது. அந்தத் தீனியில் இருக்கிற சாயம்தான் உடம்பில் ஏறி ரோஸ் ஆகிறது. கேரட்டில் இருக்கிறதே, அந்த ஜாதிச் சாயம். குஞ்சாக இருக்கும்போது சாம்பல் நிறம்தான். சிவக்க இரண்டு மூன்று வருஷம் ஆகும். நம் நாட்டில் அவை கூடு கட்டுவது குஜராத்தின் கட்ச் உப்புப் பாலையில், சேற்றைக் குவித்து.

பக்கத்திலேயே சைபீரியா, மத்திய ஆசியாவிலிருந்து வந்த வாத்துக் கூட்டங்கள். ஊசிவால் வாத்து, நாமத்தலை வாத்து. ஆண் வாத்தின் நெற்றியில் மஞ்சள் பட்டை, அச்சாக நாமம் போட்ட மாதிரியே இருக்கிறது. கவரில் இருக்கும் பத்திரம் ஞாபகம் வந்தது. யாருக்கு யார் நாமம் போட வந்திருக்கிறோம்?

மெதுவாக, "அக்கா, நம்ம வீடு விஷயமா..." என்றேன்.

"ஸ்ஸ்... கதைக்காதீங்கோ, எண்ணிக்கொண்டிருக்கிறன்" என்றார் அத்தான்.

எண்ணுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் பத்தை எண்ண வேண்டும். பத்துப் பறவை எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொண்டு, அந்த அளவில் கூட்டத்தை வெட்டிக்கொண்டே போக வேண்டும். அட, இது நம்ம ஸ்டாக் வெரிஃபிகேஷன்! உற்சாகமாக இறங்கினேன். என் கணக்கு 800. அத்தான் 1,100. அக்கா 1,040. நோட்டில் ஏறியது 1,040. அந்த வீட்டில் ஆடிட்டர் யார் என்பது புரிந்தது.

"அங்க உங்கட ஊரில இந்த வருஷம் எத்தனை வந்திருக்கு மச்சான்?" என்று சாதாரணமாகக் கேட்டார் அத்தான்.

"எங்க ஊர்லயா? எங்க ஊர்ல ஏது அத்தான் இதெல்லாம்? துறைமுகம், அனல்மின் நிலையம், உப்பு, மக்ரூன், அவ்வளவுதான்."

அத்தான் பைனாகுலரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். கழுதையைப் பார்க்கிற பார்வை.

"நான் முதன்முதல்ல பூநாரை பாத்ததே உங்கட வீட்டு மொட்டை மாடியில நிண்டுதான்."

(மொட்டை மாடியில் அவர் பூநாரையை மட்டும்தான் பார்த்தாரா என்பது தனி விசாரணை. அக்கா அன்றைக்கு டியூஷன் மாணவி இல்லை என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.)

"ஏல, அப்பா என்னை சைக்கிள்ல வச்சு உப்பளத்துக்குக் கூட்டிட்டுப் போவாவ. அங்கன நிக்கும், கூட்டம் கூட்டமா" என்றாள் அக்கா. "நீ தூங்கிட்டுக் கெடப்ப."

திருச்செந்தூர் ரோட்டில் எத்தனை ஆயிரம் தடவை பஸ்ஸில் போயிருப்பேன்! இரண்டு பக்கமும் உப்புப் பாத்தி. ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போட்டு வாங்கி, உட்கார்ந்ததும் தூங்கிப்போவேன். வெள்ளையாக ஏதாவது கண்ணில் பட்டிருந்தால் உப்பு அம்பாரம் என்று விட்டிருப்பேன்.

யோசித்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இரண்டும் ஒரே வளைகுடாவின் இரண்டு கரை. எங்கள் பக்கம் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகள், 1986-லிருந்து தேசியப் பூங்கா. அங்கே முத்துக் குளிக்க எங்கள் கரையிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் ஆள் போன காலம் உண்டு. மத்தியானம் அத்தான் அரிப்புக்குக் கூட்டிப்போய், முத்துக்குளிப்பை மேற்பார்வை பார்க்க ஆங்கிலேய கவர்னர் பிரெடரிக் நார்த் 1800-களின் தொடக்கத்தில் கட்டிய மாளிகையைக் காட்டினார். இடிந்து, கடல் அரித்து, இரண்டு மூன்று சுவர் நிற்கிறது. எங்கள் ஊரில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். ஆனாலும் ரயிலுக்கு இன்னமும் முத்துநகர் எக்ஸ்பிரஸ் என்றுதான் பெயர்! முத்து போய்விட்டது, கப்பல் போய்விட்டது. இரு கரைக்கும் போக்குவரத்து இந்தக் கோஷ்டி மட்டும்தான். கொழும்புப் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காரர்கள் மன்னாரில் ஒரு கடல்காக்காவின் முதுகில் சின்னக் கருவியைக் கட்டி விட்டிருக்கிறார்கள். அது இந்தியாவுக்கு மேலே பறந்து, ரஷ்யாவின் வடதுருவ ஓரம் வரை போயிருக்கிறது. எந்த கவுன்ட்டரிலும் பாஸ்போர்ட் கேட்கவில்லை.

அதைப் பற்றி அத்தான் ஒன்று சொன்னார். "இதுகளை பேப்பரில விருந்தாளிப் பறவையெண்டு எழுதுறாங்கள். இதே கடலைத் தாண்டி நாங்கள் வந்தம். எங்களுக்கு வேற பேர்." சொல்லிவிட்டு பிளேன்டீயை ஊற்றிக் கொடுத்தார். நான் பேசாமல் குடித்தேன்.

ஆனால் விருந்தாளிக்கும் வழி முன்னைப்போல் சுகமில்லை. மன்னார் தீவின் தெற்குக் கரையில் 2020 டிசம்பரில் காற்றாலை வந்திருக்கிறது. 30 ராட்சத விசிறிகள், 103.5 மெகாவாட். அடுத்து அதானி குழுமம் இன்னும் பெரியதாகப் போட வந்தபோது பறவை ஆர்வலர்கள் கோர்ட் வரை போனார்கள். 2025 பிப்ரவரியில் அந்தக் குழுமமே விலகிக்கொண்டது, மின்கட்டணப் பேச்சு இழுபறியானதில். மின்சாரமும் வேண்டும், பறவையும் வேண்டும் என்றால் விசிறியை எங்கே நடுவது? அத்தானிடம் கேட்டேன். "பறக்கிற பாதையை முதல்ல பாத்துப்போட்டு நடட்டும்" என்றார்.

அன்று ராத்திரி அக்காவே ஆரம்பித்தாள். "ஏல, அந்தக் கவரை எப்பம் வெளிய எடுக்கப் போற? அம்மா போன வாரமே போன்ல சொல்லிட்டா."

எனக்கு வியர்த்துவிட்டது. எடுத்துக் கொடுத்தேன். அக்கா முழுசும் படித்தாள். சொத்தில் தனக்குள்ள சகல பாத்தியதைகளையும் மனப்பூர்வமாக விட்டுவிடுவதாக எழுதியிருந்த இடத்தில் விரல் நின்றது. எவ்வளவு பணம் என்று கேட்பாள் என்று நினைத்து, பதில் தயாராக வைத்திருந்தேன். கேட்கவில்லை. "பேனா குடு" என்றாள்.

அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாங்கிப் பார்த்தார். "மச்சான், இதை இங்க இருந்து கையெழுத்துப் போட்டு என்ன செய்யிறது? யாழ்ப்பாணத்தில இந்தியத் துணைத் தூதரகத்துக்கு முன்னால போய் பவர் எழுதி, அத்தாட்சி எடுக்கோணும். இந்தியா வந்து மூண்டு மாசத்துக்குள்ள ஸ்டாம்ப் டியூட்டி கட்டோணும். நீங்கள் காமர்ஸ்தானே படிச்சனீங்கள்?"

அந்த அரியர் பேப்பர் எது என்று அவரிடம் சொல்லவில்லை. மெர்க்கன்டைல் லா.

அக்கா சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அடுத்த மாசம் யாழ்ப்பாணம் போவோம். பவர் எழுதி அனுப்புதேன். வித்துக்கோ, அம்மாவுக்குச் செலவு இருக்கும். ஆனா அதுக்கு முந்தி நீ ஒண்ணு செய்யணும். நம்ம மொட்டை மாடியில ஏறி நின்னு எத்தனை நிக்குன்னு எண்ணி எனக்கு அனுப்பு."

ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு என்று ஒன்று நடக்கிறது, 1987-லிருந்து. எங்கள் பக்கத்தில் தாமிரபரணிக் குளங்களில் 2011-லிருந்து தன்னார்வலர்கள் வருஷா வருஷம் தனியாகவே எண்ணுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை தூக்கத்தை விட்டுவிட்டுக் குளக்கரையில் நிற்கிற ஆபீஸ் ஆசாமிகள் நம்மிடையே இருக்கிறார்கள் ஸார். எனக்குத்தான் தெரியாமல் போயிற்று.

ஊர் திரும்பிய மறுநாள், அத்தான் இரவல் கொடுத்த பைனாகுலரோடு முத்தையாபுரம் வீட்டுக்குப் போனேன். பூட்டியே கிடந்ததில் சாவி மக்கர் செய்தது. மாடிப்படியில் அப்பாவின் சைக்கிள் பம்பு. மேலே ஏறினபோது மணி ஆறரை. பாத்திகளில் ஆட்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். அதற்கும் அப்பால், கடல் தண்ணீரைத் தேக்கி வைக்கும் பெரிய பாத்தியில்... வேஷ்டி.

பத்தை எண்ணினேன். வெட்டிக்கொண்டே போனேன். இரண்டு தடவை எழும்பி உட்கார்ந்ததால் இரண்டு தடவை முதலிலிருந்து. 167. வாட்ஸ்-அப்பில் அனுப்பினேன். படமும் எடுத்து அனுப்பினேன், இந்தத் தடவை கையைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொண்டு.

ஐந்து நிமிஷம் கழித்து பதில் வந்தது: 'படம் நல்லாத் தெரியுது. எண்ணுனது தப்பு. இடது ஓரத்துல சாம்பல் கலர்ல குஞ்சுக நிக்கி பாரு, அதை விட்டுட்ட. நாளைக்கும் ஏறி எண்ணு.'

வீடு பார்க்க ஆள் நாளைக் காலை ஏழு மணிக்கு வருகிறேன் என்றிருந்தார். ஒன்பதுக்கு மேல் வரச் சொல்லியிருக்கிறேன்.