ஆர்டருக்கு ஒரு திரை

திருப்பூர் ஏற்றுமதி அலுவலகங்களில் ஒரு மெர்ச்சண்டைசர் ஒரே சமயத்தில் நாலைந்து ஆர்டர்களைப் பார்க்கிறார். பையரின் மெயில், டெக் பேக், சைஸ் வாரிக் கணக்கு, சாயப்பட்டறைக்குப் போன துணியின் டெலிவரி சலான் எல்லாம் ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அவற்றில் இரண்டு ஆர்டருக்கு நேவி ப்ளூ சிங்கிள் ஜெர்சிதான். ஒன்று 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற துணி எடை), மற்றது 180. தாள் மாறி நிட்டிங்குக்குத் தவறான எண் போய்விட்டால், ஓட்டிய துணியை என்ன செய்வது? ஆளைத் திட்டுவதற்கு முன் அவருடைய திரையைப் பார்க்க வேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு 1986-லேயே விடை சொன்னவர்கள் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் ஆஸ்டின் ஹெண்டர்சனும் ஸ்டூவர்ட் கார்டும். மனிதர்கள் ஜன்னல்களைக் கொத்துக் கொத்தாகத்தான் பயன்படுத்துகிறார்கள், வேலை மாறும்போது கொத்தே மாறுகிறது என்று கண்டு, வேலைக்கு ஓர் அறை என ‘ரூம்ஸ்’ அமைப்பை உருவாக்கினார்கள். யூனிக்ஸ் மேசைத்திரைகளில் இது 1990-களிலேயே வழக்கமாகிவிட்டது. விண்டோஸில் 2015-இல்தான் இயல்பாகக் கிடைத்தது. லினக்ஸில் பணியிடங்கள் என்று கிடைப்பது இதுதான். ஆனால் பலரும் மெயிலுக்கு ஒன்று, பிரவுசருக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று என்று பிரிக்கிறார்கள். பனியன் தொழிலுக்கு அது உதவாது. பிரிவு ஆர்டர்வாரியாக இருக்க வேண்டும். லினக்ஸின் எக்ஸ்எஃப்சிஇ மேசைத்திரையில் பணியிடங்களின் எண்ணிக்கையை நான்காக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஸ்டைல் நம்பரையே பெயராக இடலாம். கன்ட்ரோலுடன் எஃப்1, எஃப்2 அழுத்தினால் இடம் மாறும். நோம் மேசைத்திரை பணியிடங்களைத் தானாகக் கூட்டிக் குறைக்கும். காலையில் மூன்றாவதாக இருந்த ஆர்டர் மாலையில் இரண்டாவதாகிவிடும். கைப்பழக்கம் கெடாமலிருக்க அதை நிலையான எண்ணிக்கைக்கு மாற்றிக்கொள்வது அவசியம்.

லினக்ஸுக்கு மாறச் சொன்னால், டேலி கணக்கு மென்பொருளுக்கு விண்டோஸ் வேண்டுமே என்பார்கள். நியாயம்தான். கணக்குப்பிரிவின் கணினிகள் அப்படியே இருக்கட்டும். நான் பேசுவது மெர்ச்சண்டைசரின் கணினியைப் பற்றி. லினக்ஸ் யாருக்கும் பழக்கமில்லை என்பதையும் முழுதாக ஏற்க முடியாது. 2011-இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸும் இருந்தது. அவற்றில் படித்தவர்கள் பலர் இன்று வேலையில் இருக்கிறார்கள். இரண்டாவது மானிட்டர் போதாதா? இடம் கூடும், ஆர்டர்கள் கலப்பது நிற்காது. வலுவான ஆட்சேபம் நினைவகம் பற்றியது: மறைந்திருக்கும் ஜன்னலும் இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது, 4 ஜிபி கணினியில் நான்கு இடத்திலும் பிரவுசரைத் திறந்து வைத்தால் திணறும். அதனால் கையில் ஓடும் ஆர்டர்களுக்கு மட்டும் இடம் கொடுக்க வேண்டும். சரக்கு தூத்துக்குடிக்குக் கிளம்பி ஆவணங்களும் முடிந்த அன்றே, அந்த ஜன்னல்களை மூடிவிட்டு அடுத்த ஸ்டைல் நம்பரைப் பெயராக எழுதிவிடலாம்.